யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கலை, தனிமனிதர், அரசு – கேள்வி பதில்

தனிமனிதவாதம் கலையையும் பண்பாட்டையும் அரசியல் சுதந்திரத்தையும் எப்படிப் பார்க்கிறது என்பது பற்றி எதையும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் நீண்ட காலமாகப் படித்து வருபவை இரண்டு: 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சிந்தனை, சோவியத் ஆட்சியில் எழுத்தாளர்கள் பட்ட பாடு. இவற்றை ஒட்டிய கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி: ஐயா, தனிமனிதவாதம் என்று பேச்செடுத்தாலே வீட்டில் "நீ மட்டும் நல்லா இருந்தாப் போதுமா?" என்கிறார்கள். இது சுயநலத்துக்கு வைத்த நாகரிகப் பெயர்தானா?

இல்லை அம்மா. முதலில் விலக்க வேண்டிய குழப்பம் இதுதான். சுயநலம் என்பது ஒருவர் நடந்துகொள்ளும் விதம். தனிமனிதவாதம் கேட்பது வேறு கேள்வி: ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றிக் கடைசி முடிவு எடுக்கும் உரிமை யாருக்கு? சம்பளம் முழுவதையும் பிறருக்குக் கொடுப்பவர்கூடத் தனிமனிதவாதியாக இருக்கலாம். கொடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவர் நினைத்தால் போதும்.

ரஷ்யக் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கியின் வழக்கைப் பாருங்கள். 1964-இல் லெனின்கிராட் நீதிமன்றத்தில் அவர் நின்றபோது வயது 23. உழைக்காமல் சமூகத்தின் மேல் ஒட்டுண்ணியாக வாழ்கிறார் என்பது குற்றச்சாட்டு. அவர் கவிதை எழுதினார், மொழிபெயர்த்தார், இடையிடையே கிடைத்த வேலைகளைச் செய்தார். ஆனால் எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. உன்னைக் கவிஞன் என்று ஒப்புக்கொண்டது யார், கவிஞர்கள் வரிசையில் சேர்த்தது யார் என்று நீதிபதி கேட்டார். யாருமில்லை, மனித இனத்தில் என்னைச் சேர்த்தது யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஃப்ரிதா விக்தரோவா என்ற பத்திரிகையாளர் அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுத்ததால்தான் இந்த உரையாடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. தண்டனை ஐந்து ஆண்டு கட்டாய உழைப்பு. வடக்கே அர்க்காங்கெல்ஸ்க் பகுதிக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். கவிஞர் ஆக்மதோவா, இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் போன்றவர்கள் குரல் கொடுத்த பிறகு 1965-இல் விட்டார்கள். 1972-இல் நாட்டை விட்டே வெளியேற்றினார்கள்.

இதில் சுயநலம் எங்கே இருக்கிறது? பணமோ பதவியோ அவர் கேட்கவில்லை. கவிதை எழுத ஒருவர் அனுமதி வாங்க வேண்டுமா என்பதுதான் அங்கே வழக்கு. அவரைக் காப்பாற்ற முன்வந்தவர்களையும் மறக்காதீர்கள். தன் பெயருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும் விக்தரோவா குறிப்பெடுத்தார். உங்கள் வீட்டில் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

தகவல் தொழில்நுட்பத் துறை வாசகர்: அய்ன் ராண்ட் பற்றி உங்கள் கருத்து?

அவருடைய கோபம் உண்மையானது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1905-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த நாவலாசிரியர். புரட்சிக்குப் பிறகு அப்பாவின் மருந்துக் கடையை அரசு பறித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர். 1926-இல் அமெரிக்கா போனார். 1943-இல் வந்த நாவலில், தன் வடிவமைப்பில் ஒரு கோட்டைக்கூட மாற்ற விடாத கட்டடக் கலைஞனை நாயகனாக்கினார். ஒரு படைப்பைக் குழு வாக்கெடுப்பு நடத்தி உருவாக்க முடியாது என்று அவர் சொல்வது சரி. அதை அவரளவுக்கு உரக்கச் சொன்னவர்கள் குறைவு.

ஆனால் 1947 அக்டோபரில், ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட் ஊடுருவலை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் விரும்பிச் சாட்சி சொன்னார். ரஷ்யாவை நல்லவிதமாகக் காட்டிய ஒரு படம் எப்படிப் பொய் சொல்கிறது என்று விளக்கினார். படம் பொய் சொன்னதா என்றால், ஆமாம், சொன்னது. அதை அவர் பத்திரிகையில் எழுதியிருக்கலாம். சம்மன் அனுப்பி ஆட்களை வரவழைக்கும் அதிகாரம் கொண்ட குழுவின் முன் ஒரு படத்தின் கருத்தைக் குற்றம்போல் அலசுவது, தனிமனித உரிமை பேசுகிறவர் செய்யக் கூடாத காரியம் என்பது என் முடிவு. அதே விசாரணையில் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் சிறைக்குப் போனார்கள்.

இன்னொரு வாசகர்: ராண்ட் படித்தால் போதுமா, மில்லும் படிக்க வேண்டுமா?

போதாது. மில்லைப் படியுங்கள்.

இடதுசாரித் தோழர்: தோழர், "கலைஞனின் சுதந்திரம்" என்பதே பனிப்போரில் அமெரிக்கா ஏற்றுமதி செய்த சரக்கு. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் பணத்தில் பத்திரிகைகளும் மாநாடுகளும் நடந்தன. அதை மறைத்துவிட்டுப் பிராட்ஸ்கி கதை சொல்கிறீர்களே?

மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. முழுதாகவே சொல்கிறேன்.

1950 ஜூனில் மேற்கு பெர்லினில் பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ் என்ற அமைப்பு தொடங்கியது. 1953 முதல் லண்டனில் என்கவுன்ட்டர் என்ற இதழ் அதன் ஆதரவில் வந்தது. பம்பாயில் இந்தியக் கிளை குவெஸ்ட் இதழை நடத்தியது, அதன் முதல் ஆசிரியர் கவிஞர் நிசிம் எசக்கியேல். பின்னால் இருந்தது சிஐஏ பணம் என்பது 1966, 1967-இல் அமெரிக்கப் பத்திரிகைகள் வழியாகவே வெளியே வந்தது. என்கவுன்ட்டர் ஆசிரியர்களில் ஒருவரான ஸ்டீபன் ஸ்பெண்டர் ராஜினாமா செய்தார்.

ஏன் ரகசியமாகச் செய்தார்கள்? 1946-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை நவீன ஓவியங்கள் 79-ஐ வாங்கி வெளிநாடுகளில் கண்காட்சி வைத்தது. உள்நாட்டில் பத்திரிகைகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கூச்சல் போட்டார்கள், அதிபர் ட்ரூமனே கேலி செய்தார். கண்காட்சியைத் திரும்ப அழைத்து, 1948-இல் அந்த ஓவியங்களைப் போர்க்கால உபரிப் பொருள் என்ற கணக்கில் விற்றுத் தீர்த்தார்கள். வெளிப்படையாகக் கொடுத்தால் வாக்காளர் கேள்வி கேட்பார் என்று தெரிந்துதான் மறைமுகமாகக் கொடுத்தார்கள்.

இது அசிங்கம். தான் யாருடைய பணத்தில் எழுதுகிறோம் என்று தெரிந்து முடிவெடுக்கும் உரிமையைப் பல எழுத்தாளர்களிடமிருந்து பறித்துவிட்டார்கள். தனிமனிதவாதத்தின் அளவுகோலை வைத்தே இதைக் கண்டிக்க முடியும், நான் கண்டிக்கிறேன். ஆனால் கொள்கையே சிஐஏ உண்டாக்கியது என்பது தவறு. மில்லின் சுதந்திரம் பற்றிய நூல் வந்தது 1859. கலைதான் தனிமனிதத்தின் மிகத் தீவிரமான வடிவம் என்று ஆஸ்கர் வைல்ட் எழுதியது 1891, அதுவும் சோஷலிசத்துக்கு ஆதரவான கட்டுரையில். சொத்துடைமை ஒழிந்தால்தான் மனிதர் தானாக மலர முடியும் என்றார் அவர். சிஐஏ பிறந்தது 1947-இல்.

அதே தோழர்: சரி, சோவியத்தில் எழுத்தாளனுக்கு வீடு, ஓய்வில்லம், பெரிய அச்சு எண்ணிக்கை எல்லாம் இருந்தது. சந்தையில் கவிஞன் பட்டினி கிடக்கிறான். அரசு பணம் கொடுத்தாலே கலை கெட்டுவிடுமா?

அரசு பணம் கொடுப்பதால் மட்டும் கெட்டுவிடாது. எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். 1932-இல் அங்கே எல்லா இலக்கியக் குழுக்களையும் ஒழித்தார்கள், 1934-இல் முதல் மாநாடு கூட்டி ஒரே எழுத்தாளர் சங்கம் ஆக்கினார்கள். நீங்கள் சொல்லும் வீடும் ஓய்வில்லமும் அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் வந்தன. அதனால் அங்கிருந்து நீக்கப்பட்டால் பிழைப்பே போய்விடும். 1946-இல் ஆக்மதோவாவையும் ஜோஷெங்கோவையும் நீக்கினார்கள். நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட 1958-இல் பாஸ்டர்நாக்கை நீக்கினார்கள். மேடையேறித் தீர்மானத்துக்குக் கை தூக்கிய சக எழுத்தாளர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கை தூக்காவிட்டால் வீடு போய்விடும் என்ற நிலையில் அவர்களை வைத்திருந்தார்கள்.

நாடகக் குழு நடத்துபவர்: அண்ணா, மானியம் இல்லாவிட்டால் எங்களுக்கு நாடகமே இல்லை. வாங்கலாமா, கூடாதா?

வாங்குங்கள் தம்பி. வாங்குவதற்கு முன் சிலவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். பணம் வரும் இடம் வெளிப்படையாகத் தெரிகிறதா? தேர்வு செய்பவர்கள் அமைச்சரின் ஆட்களா, தனிக் குழுவா? அடுத்த வருடம் கிடைக்காவிட்டால் சிறியதாகவாவது நாடகம் போட முடியுமா? பிரிட்டனில் 1946-இல் வந்த கலை மன்றத்தைப் பொருளியலாளர் கெயின்ஸ் முன்னின்று உருவாக்கினார். பணம் அரசுடையது, யாருக்கு என்பதை அமைச்சர் முடிவு செய்யக் கூடாது என்பது ஏற்பாடு. குறையில்லாத முறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த இடைவெளி முக்கியம்.

அதே தோழர்: சந்தையும் ஒரே கதவுதானே? ஹாலிவுட்டைப் பாருங்களேன்.

இது நல்ல கேள்வி, இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. படத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று சொன்ன ஹேஸ் விதிகள் 1934 முதல் 1968 வரை அமெரிக்கப் படங்களைக் கட்டுப்படுத்தின. அது அரசுச் சட்டம் இல்லை, ஸ்டுடியோக்கள் தாங்களே போட்டுக்கொண்ட வேலி. 1947-க்குப் பிறகு, கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்தவர்களுக்கு வேலை மறுத்த கறுப்புப் பட்டியலையும் நடத்தியது முதலாளிகள்தான். அரசை மட்டும் பார்த்துப் பயப்படுகிற தனிமனிதவாதி பாதிதான் படித்திருக்கிறார். சமூகத்தின் கெடுபிடி, அரசின் ஒடுக்குமுறையைவிட ஆழமாக மனிதரைப் பிடித்துக்கொள்ளும் என்று மில்லே சொல்கிறார்.

அதே தோழர்: அப்படியானால் நீங்களும் எங்கள் பக்கம் வந்துவிட்டீர்கள்!

இல்லை தோழர். ஸ்டுடியோ மறுத்தால் வேறு வழி தேட இடம் இருந்தது. கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள் புனைபெயரில் எழுதினார்கள், வெளிநாட்டுக்குப் போனார்கள். கொடுமைதான். ஆனால் மாஸ்கோவில் 1966 பிப்ரவரியில் எழுத்தாளர்கள் சின்யாவ்ஸ்கிக்கு ஏழு ஆண்டு, டேனியலுக்கு ஐந்து ஆண்டு உழைப்பு முகாம் கொடுத்தார்கள். புனைபெயரில் எழுதி வெளிநாட்டில் அச்சிட்டதுதான் அவர்கள் செய்தது. தப்பும் வழியே அங்கே குற்றமாகிவிட்டது. இந்த வேறுபாட்டை நீங்கள் ஏற்காவிட்டால் நாம் இதில் ஒத்துப்போக முடியாது. இன்னும் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், இதை இங்கே நிறுத்திக்கொள்வோம்.

ஓவியர்: என் ஓவியத்தை ஒரு விமர்சகர் குப்பை என்று எழுதிவிட்டார். இது என் கருத்துச் சுதந்திரத்தின் மேல் தாக்குதல் இல்லையா?

இல்லை. அவருடைய கருத்துச் சுதந்திரம் அது. விமர்சனமும் தடையும் ஒன்றல்ல, தயவுசெய்து கலக்காதீர்கள். தாக்குதல் என்றால் 1974 செப்டம்பர் 15: மாஸ்கோவின் புறநகரில் அங்கீகாரம் இல்லாத ஓவியர்கள் வெட்டவெளியில் வைத்த கண்காட்சியின் மேல் புல்டோசரும் தண்ணீர் வண்டியும் விட்டார்கள். உலகமே கண்டித்ததும், இரண்டு வாரத்தில் இஸ்மாய்லோவோ பூங்காவில் அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

குறும்பட இயக்குநர்: என் கதையைத் திருடிவிட்டார்கள். எந்தப் பிரிவில் வழக்குப் போடலாம்?

பதிப்புரிமை வழக்கறிஞரைப் பாருங்கள்.

வரலாற்று ஆசிரியர்: மில் கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர். இந்தியர்களுக்குச் சுதந்திரம் பொருந்தாது என்றும் எழுதினார். அவரை நாம் ஏன் படிக்க வேண்டும்?

1823 முதல் 1858 வரை லண்டனில் கம்பெனி அலுவலகத்தில் இருந்தார். பின்தங்கிய நிலையில் இருக்கும் சமூகங்களுக்குத் தன் கொள்கை பொருந்தாது, அங்கே முன்னேற்றம் என்ற நோக்கம் இருந்தால் சர்வாதிகாரமும் தகும் என்று சுதந்திரம் பற்றிய அந்த நூலின் முன்னுரையிலேயே எழுதினார். இதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

ஆனால் அந்த விதிவிலக்கை உடைக்கும் கருவியும் அவர் வாதத்திலேயே இருக்கிறது. தான் தவறவே மாட்டேன் என்று நினைப்பவர்தான் பிறர் வாயை அடைப்பார் என்கிறார். ஒரு நாடே இன்னும் வளரவில்லை என்று தீர்ப்புச் சொன்ன கம்பெனி அதிகாரிக்கும் அது பொருந்தும்தானே? 1876-இல் ஆங்கில அரசு இந்திய நாடகங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, இந்தியர் முதிர்ச்சி இல்லாதவர் என்பதல்ல அவர்கள் பயம். மேடையில் பேசுவது ஜனங்களுக்கு நன்றாகவே புரிந்துவிடும் என்பதுதான்.

நாமக்கல் வாசகி: ஊர் கூடி எதிர்த்தால் எழுத்தாளர் என்ன செய்ய முடியும்? ஊருக்கும் மனம் இருக்கிறதே ஐயா.

இருக்கிறது அம்மா. ஊர் கோபப்படலாம், மறுத்து எழுதலாம், புத்தகத்தை வாங்காமல் இருக்கலாம். ஆனால் 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த சமரசக் கூட்டத்துக்குப் பிறகு, எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆயிற்று. சட்டப்படி அவருடைய "மாதொருபாகன்" நாவலை யாரும் தடை செய்யவில்லை. மில் சொன்ன சமூகக் கெடுபிடி இதுதான், அரசு அங்கே பஞ்சாயத்து நடத்திக் கொடுத்தது. 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சமரசம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது, அவர் மறுபடி எழுத வேண்டும் என்றது.

இதற்கு வழி முன்பே போடப்பட்டிருந்தது. இடஒதுக்கீட்டை விமர்சித்த "ஒரே ஒரு கிராமத்திலே" படத்துக்கு எதிர்ப்பு வந்த வழக்கில், போராட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்க முடியாது, கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கவும் கூடாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் படத்தின் வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. இடஒதுக்கீட்டை நான் முழு மனதாக ஆதரிக்கிறேன். படம் ஓட வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை.

புதிய வாசகர்: தனிமனிதவாதம் என்றால் சுயநலம்தானே?

முதல் பதிலைப் படியுங்கள்.

மற்றொருவர்: கூட்டுக் குடும்பம் கெடுவதற்குக் காரணம் இந்தச் சுயநலத் தத்துவம்தான் என்கிறேன். பதில்?

மூன்றாவது முறையாகக் கேட்கவில்லையே என்று நினைத்தேன், கேட்டுவிட்டீர்கள். கூட்டாக வாழ்வதை யாரும் தடுக்கவில்லை. விரும்பி இருப்பவர்கள் இருக்கட்டும், வெளியேற நினைக்கும் மருமகளுக்குக் கதவு திறந்திருக்கட்டும்.

தட்டச்சு வேலை செய்பவர்: எனக்கு நேரம் குறைவு. எங்கிருந்து தொடங்கலாம்?

மில்லின் சுதந்திரம் பற்றிய நூலில் மூன்றாம் அத்தியாயம். தனித்தன்மை பற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். முன்னுரையில் அந்தக் கம்பெனிக்காரர் எழுதிய வாக்கியம் வரும், அதையும் தாண்டிப் போகாமல் படியுங்கள். அப்புறம் விக்தரோவாவின் நீதிமன்றக் குறிப்பைத் தேடிப் படியுங்கள், சில பக்கங்கள்தான்.