பித்த மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: செந்தூலில் இருக்கிறேன், வயது 52. பித்தப்பையை எடுத்து ஓராண்டாகிறது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் 1,000 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.9. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பசியாறினால் அரை மணி நேரத்தில் வயிறு போகிறது. பித்த அமிலம் குடல் ஹார்மோனைத் தூண்டிச் சர்க்கரையைக் குறைக்கும் என்று இணையத்தில் மாத்திரை விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. வியாபாரத்துக்கு அந்தப் பாதியே போதும்.

கொலஸ்ட்ராலிலிருந்து கல்லீரல் செய்யும் பித்த அமிலம், கொழுப்பைக் கரைப்பதோடு நிற்பதில்லை. சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ள, ஹார்மோன் சுரக்கும் எல் செல்களில் டிஜிஆர்5 என்றொரு ஏற்பி இருக்கிறது. பித்த அமிலம் அதில் ஒட்டினால் ஜிஎல்பி-1 ஹார்மோன் சுரக்கும். சர்க்கரை ஏறியிருக்கும்போது அது இன்சுலினைக் கூட்டும், சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஹார்மோனை அடக்கும், இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். இப்போது பலர் போட்டுக்கொள்ளும் செமாகுளுடைடு ஊசி இந்த ஹார்மோனைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் அதே செல்களில் எஃப்எக்ஸ்ஆர் என்ற இன்னோர் ஏற்பியும் உண்டு. பித்த அமிலம் அதைத் தூண்டினால் ஜிஎல்பி-1 உற்பத்தி குறையும். விளம்பரத்தில் இது வராது.

மேலும், குடலுக்கு வரும் பித்த அமிலத்தில் சுமார் 95 விழுக்காடு சிறுகுடலின் முடிவிலேயே உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பிவிடும். உறிஞ்சப்படாமல் மிஞ்சுவது பெருங்குடலில் நீரைச் சுரக்கவைத்து வயிற்றைக் கலக்கும். உங்களுக்கு இருக்கும் தொல்லையே அதுவாக இருக்கலாம். பித்தத்தைச் சேமிக்கப் பை இல்லாததால் அது ஓயாமல் குடலில் வடிகிறது.

சர்க்கரைக்கு மருந்தாக அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்ற கொலசெவெலாம் செய்வது நேர் எதிரானது. பித்த அமிலத்தைக் கூட்டுவதில்லை, குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. அதனால் ஹெச்பிஏ1சி ஏறத்தாழ 0.5 இறங்கும், அவ்வளவுதான். நீங்கள் சாப்பிடும் மெட்ஃபார்மினும் பித்த அமிலம் திரும்ப உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. ஜிஎல்பி-1 கூடுவதற்கும் சிலருக்கு வயிறு போவதற்கும் அது ஒரு காரணம்.

ஆகவே முதலில் கிளினிக்கில் மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் எக்ஸ்ஆர் வகைக்கு மாற்றித் தரக் கேளுங்கள். அதை இரவு உணவோடு விழுங்க வேண்டும். உடைக்கவோ மெல்லவோ கூடாது. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் வயிறு அடங்கவில்லை என்றால், பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் தூளைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். பொதுவாக நாளுக்கு 4 கிராம் பொட்டலம் ஒன்றில் தொடங்குவார்கள். அது மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றை அதற்கு 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இதில் அதிகம் தவறுகிறார்கள். டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஏறவும் கூடும். கடைசி இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

நாசி லெமாக்கை அறவே விட வேண்டாம். பொட்டலத்தைப் பிரித்ததும் முட்டை, வெள்ளரிக்காய், நெத்திலியை முதலில் சாப்பிடுங்கள். சோறு கடைசியில், பாதி மட்டும். புரதமும் காய்கறியும் முன்னால் போனால் ஜிஎல்பி-1 முந்திச் சுரக்கும், சர்க்கரை ஏற்றம் தணியும். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு குறைந்தால் கொழுப்பும் குறையும், வயிற்றுக்கும் நல்லது. கூடவே இனிப்பான பால் தேநீரான தே தாரேக் குடித்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

பலன் தெரிய வேண்டுமானால் பசியாறும் முன்பும், முதல் வாய் வைத்து 2 மணி நேரம் கழித்தும் விரலில் குத்திப் பாருங்கள். வழக்கம்போல் சாப்பிட்டு மூன்று நாள், வரிசையை மாற்றி மூன்று நாள். அந்த வாரம் வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்து மலம் வெளிறுவது, காய்ச்சலோடு வலது மேல் வயிற்றில் வலி: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.