இரண்டாம் முறை ஒலிப்பதற்காக

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் மேற்கத்தியச் செவ்வியல் மரபில் புதிய இசை எழுதுபவன். இப்படி எழுதுபவர்களுக்கு உதவும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்குச் சில ஆண்டுகளாக விண்ணப்பித்து வருகிறேன். ஒரே ஒருமுறை, இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா, இன்னும் பெரிய செல்லோ ஆகியவற்றுக்கு நான் எழுதிய படைப்பு தேர்வாகி அரங்கேறியது. வாசித்தவர்கள் போதிய ஒத்திகை பார்க்கவில்லை. மூன்றாம் பகுதியில் வியோலா ஓரிடத்தில் நின்றே போனது. அதன் பிறகு அதை எடுத்து வைத்துவிட்டேன். பெரும்பாலான அமைப்புகள் இதுவரை நிகழ்த்தப்படாத படைப்பையே கேட்கின்றன என்பதால் இப்போது புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இம்முறை விண்ணப்பத்தில், என் படைப்பால் சமூகத்துக்கு என்ன பயன் என்று 200 சொற்களில் எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது? நல்ல இசை தனக்கான ரசிகர்களைத் தானே தேடிக்கொள்ளும், நன்கொடையில் வாழும் இசைக்கு உயிர் கிடையாது என்கிறார் என் நண்பர் ஒருவர். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். அரங்கேற்றத்தின் ஒலிப்பதிவையும் பிரதிகளையும் இணைத்துள்ளேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகளைக் காட்டிலும், கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ‘அதன் பிறகு அதை எடுத்து வைத்துவிட்டேன்’ என்ற வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. கொஞ்ச காலமாகவே என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. புதிய இசைக்காக இத்தனை அமைப்புகள் இருந்தும், அவற்றில் நல்ல மனம் படைத்தவர்கள் இத்தனை பேர் உழைத்தும், ஒருமுறை ஒலித்துவிட்டு அலமாரிக்குள் போய்விடும் படைப்புகள் ஏன் பெருகிக்கொண்டே இருக்கின்றன?

உங்கள் நண்பரின் வாதத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. 1943இல் ஹங்கேரிய இசையாக்குநர் பேலா பார்டோக் நியூயார்க்கில் உடல் நலிந்து மருத்துவமனையில் கிடந்தார். சில ஆண்டுகளாகப் புதிதாக எதையும் எழுதியிருக்கவில்லை. வயலின் கலைஞர் ஜோசப் ஸிகெட்டியும் இசை நடத்துநர் ஃப்ரிட்ஸ் ரைனரும் அவருக்குத் தெரியாமல் பாஸ்டன் ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் செர்கேய் கூஸெவிட்ஸ்கியிடம் பேசினார்கள். கூஸெவிட்ஸ்கி முந்தைய ஆண்டுதான் தன் மறைந்த மனைவியின் நினைவாக, இசை எழுதுபவர்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கியிருந்தார். அவர் மருத்துவமனைக்கே போய், 1,000 டாலருக்கு ஆர்கெஸ்ட்ராவுக்கான ஒரு படைப்பை எழுதித்தரும்படி கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் ‘கான்செர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா’. நன்கொடையில் வந்த இசைக்கு உயிர் உண்டா என்று உங்கள் நண்பர் அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். அமெரிக்க இசையாக்குநர் சார்ல்ஸ் ஐவ்ஸ் காப்பீட்டுத் தொழிலில் சம்பாதித்த பணம்தான், 1927இல் இன்னோர் இசையாக்குநரான ஹென்றி கோவெல் தொடங்கிய ‘நியூ மியூசிக்’ என்ற காலாண்டிதழ் புதியவர்களின் இசையை அச்சிட்டு வெளியிடத் துணை நின்றது. நல்ல இசை ரசிகரைத் தேடிக்கொண்டு நடந்து போவதில்லை. யாராவது பிரதி எடுத்து, யாராவது அரங்கம் பிடித்து, யாராவது கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்த பிறகே அது காதில் விழுகிறது.

அந்த 200 சொற்களைப் பற்றியும் அதிகம் கவலைப்படாதீர்கள். எந்த வாத்தியங்களுக்கு, எவ்வளவு நேரம், கேட்பவர் எதைப் பின்தொடரலாம் என்பதை நேர்மையாக எழுதுங்கள். சமூகத்தை மாற்றுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

இனி வியோலாவுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். மூன்றாம் பகுதியில் வியோலா ஏறக்குறைய ஒரு தாள வட்டம் காணாமல் போகிறது என்பது உண்மைதான். உடனே வியோலாவின் தனிப் பிரதியை எடுத்து அந்த இடத்தைத் தேடினேன். பக்கத்தின் கடைசி வரியில், இடைவெளியே இல்லாத வேகமான சுர ஓட்டத்தின் நடுவில், பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தின் முதல் வரியிலும் அதே ஓட்டம் தொடர்கிறது. இரண்டு கைகளும் வாத்தியத்தில் இருக்கும் ஒருவர் எந்தக் கையால் பக்கத்தைப் புரட்டுவார்? அவர் ஒத்திகை பார்க்காதவர் அல்லர். நீங்கள் அவருக்கு ஒரு நொடி ஓய்வு தரவில்லை. அவர் அதைத் தானே எடுத்துக்கொண்டார். ஆறு தாள வட்டங்களுக்கு முன்னால் வியோலாவுக்கு நீண்ட மௌனம் ஒன்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தை அங்கே முடித்திருந்தால் போதும். மென்பொருள் பக்கத்தை எங்கே வெட்டுகிறதோ அங்கேயே விட்டுவிட்டு, வாசித்தவர்கள் மீது பழி போட்டு, படைப்பையும் மூடி வைத்திருக்கிறீர்கள். இது எனக்குக் கோபமூட்டுகிறது. கோபத்துக்குக் காரணம், அந்த மூன்றாம் பகுதி நன்றாக இருக்கிறது என்பதுதான். முதல் வயலின் உயரத்தில் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்ற மூன்றும் அதன் கீழே மெல்ல நகர்ந்து வந்து சேரும் இடத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதைப் பெட்டிக்குள் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஆனால் தவறு உங்களுடையது மட்டுமல்ல என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஓர் அமைப்பு ஏற்பாடு செய்திருந்த வாசிப்பு அமர்வுக்கு ஒருமுறை போயிருந்தேன். புதியவர்கள் எழுதியதை முழு ஆர்கெஸ்ட்ரா வாசித்துக் காட்டும்; ஒவ்வொருவருக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கு. ஓர் இளம்பெண்ணின் படைப்பு புல்லாங்குழலின் தாழ்ந்த சுரங்களில் தொடங்கியது. அதற்குப் பின்னணியாக, பித்தளை ஊதுகருவிகளான ஹார்ன்கள் நான்கு. கணினியில் குழல் அவருக்குத் தெளிவாகவே கேட்டிருக்கும். அங்கே எந்த வாத்தியத்தையும் வேண்டிய அளவு சத்தமாக வைத்துக்கொள்ளலாம். அரங்கத்திலோ குழல் வாசிப்பவரின் உதடுகளும் விரல்களும் அசைவது தெரிந்ததே தவிர, ஒலி எங்கள் வரிசைவரை வந்து சேரவில்லை. நடத்துநர் நிறுத்தினார். “குழலை ஒரு ஸ்தாயி மேலே கொண்டு போகலாமா, ஹார்ன்களைக் குறைக்கலாமா?” என்று கேட்டார். அந்தப் பெண், எல்லா வாத்தியங்களின் வரிகளும் அடங்கிய ஸ்கோரைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு பென்சிலால் இரண்டு வரிகளை அடித்துவிட்டு, “ஹார்ன் இரண்டு போதும்” என்றார். மீண்டும் வாசித்தார்கள். இம்முறை குழல் கேட்டது. அவர் எழுத நினைத்தது என்ன என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அதோடு அவருக்கான நேரம் முடிந்தது, அடுத்தவரின் பிரதிகளை மேசைகளில் வைத்தார்கள். பின்னர் அதே அமைப்பு அவரை அழைத்துப் பாராட்டி, நிதியும் கொடுத்து, புதிதாக ஒன்றை எழுதித்தரக் கேட்டது. அன்று பென்சிலால் திருத்தப்பட்ட படைப்பைக் கேட்கவில்லை. ஒருவருக்கு அவருடைய காது எதைத் தவறவிட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அதைச் சரிசெய்து கேட்கும் வாய்ப்பை மறுப்பது உதவியாகுமா?

இது இன்று முளைத்த பிரச்சினை அல்ல. இசையாக்குநர் எட்கர் வரேஸும் ஹார்ப் கலைஞர் கார்லோஸ் ஸல்ஸேதோவும் 1921இல் நியூயார்க்கில் தொடங்கிய சர்வதேச இசையாக்குநர் சங்கம் முதல் நிகழ்த்துதல்களையே குறியாகக் கொண்டிருந்தது. 1923 பிப்ரவரியில் வியன்னாவைச் சேர்ந்த இசையாக்குநர் ஷோன்பெர்க்கின் ‘பியரோ லுனேர்’ படைப்பை அமெரிக்காவில் முதன்முறையாக நிகழ்த்தியது அந்தச் சங்கம்தான். கடினமான படைப்பு, ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை கேட்க விரும்பினார்கள். சங்கத்தில் சிலர் அதைத் திரும்ப நிகழ்த்த வேண்டும் என்றார்கள். வரேஸ் மறுத்தார். திரும்ப நிகழ்த்தக் கோரியவர்கள் பிரிந்து போய் அதே ஆண்டில் இசையாக்குநர்களுக்கான லீக் ஒன்றைத் தொடங்கினார்கள். வரேஸ் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் இந்தச் சண்டையில் நான் முழுக்க முழுக்கப் பிரிந்து போனவர்களின் பக்கம். வரேஸின் சங்கம் 1927இல் முடிந்துபோனது.

ஷோன்பெர்க் இதை அவர்களுக்கு முன்பே அறிந்திருந்தார். 1913 மார்ச்சில் வியன்னாவில் அவர் நடத்திய கச்சேரி கூச்சலும் கைகலப்புமாகிப் பாதியில் நின்றது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1918இல், தனிப்பட்ட இசை நிகழ்ச்சிகளுக்கான சங்கம் ஒன்றை அவர் தொடங்கினார். அதன் விதிகளைப் பாருங்கள். உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி. பத்திரிகை விமர்சகர்களுக்கு இல்லை. கை தட்டவும் கூடாது, சீறவும் கூடாது. பிடித்ததற்கு மட்டும் வந்துவிட்டுப் போகாமல் எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்பதால், அன்று என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டி அறிவிக்கப்படாது. இந்த விதிகளைத்தான் எல்லோரும் வியந்து பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுபவை மற்ற இரண்டு: படைப்பு தெளிவாக ஒலிக்கும்வரை ஒத்திகை பார்க்க வேண்டும், வாசித்ததைத் திரும்பவும் வாசிக்க வேண்டும். ஏறத்தாழ மூன்றே ஆண்டுகளில் 117 நிகழ்ச்சிகளில் 154 படைப்புகளை அவர்கள் மொத்தம் 353 முறை வாசித்திருக்கிறார்கள். சராசரியாக ஒவ்வொன்றும் இரண்டு முறைக்கும் மேல். பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்குப் பணமில்லை. ஆகவே மாலர், டெபுஸ்ஸி போன்றவர்களின் ஆர்கெஸ்ட்ரா இசையைப் பியானோவுக்கும் சிறு குழுவுக்கும் மாற்றி எழுதிக்கொண்டார்கள். தொடக்க காலத்தில் ஷோன்பெர்க் தன் படைப்புகளை அங்கே இடம்பெறச் செய்யவே இல்லை. 1921இன் இறுதியில் ஆஸ்திரியாவின் பணவீக்கம் அந்தச் சங்கத்தைச் சாய்த்தது. இவ்வளவு ஏழ்மையில் அவர்கள் செய்ததை, இன்று அலுவலகமும் ஊழியர்களும் நிதிக்குழுவும் உள்ள அமைப்புகள் ஏன் செய்வதில்லை?

இக்கேள்வியை ஓர் அமைப்பின் பொறுப்பாளரிடம் நேரடியாகவே கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: முதல் அரங்கேற்றத்துக்குப் பணம் கொடுத்தவரின் பெயர் ஸ்கோரின் முகப்பில் என்றென்றைக்கும் இருக்கும், இரண்டாம் முறைக்குக் கொடுப்பவரின் பெயர் அன்றைய நிகழ்ச்சித் தாளோடு போய்விடும், ஆகவே இரண்டாம் முறைக்குக் கொடையாளர் கிடைப்பதில்லை. அவருடைய நேர்மையை மதிக்கிறேன், அவருடைய முடிவை ஏற்கவில்லை. கொடையாளருக்கு அதன் அருமையை எடுத்துச் சொல்வதும் அந்த அமைப்பின் வேலைதானே? 1953இல் அமெரிக்காவின் லூயிவில் ஆர்கெஸ்ட்ரா, புதிய படைப்புகளுக்கென்று ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடமிருந்து 400,000 டாலர் பெற்றபோது, எழுத வைப்பதோடு நிற்காமல் வாசித்தவற்றை இசைத்தட்டுகளாகவும் வெளியிட்டது. அன்று அரங்கத்துக்கு வராத ஒருவர் அவற்றைப் பத்து முறைகூடக் கேட்க முடிந்தது.

மீண்டும் பார்டோக்கிடமே வருகிறேன், இந்த வாதத்துக்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்கு இல்லை. கூஸெவிட்ஸ்கி கேட்ட படைப்பை 1943 ஆகஸ்டு முதல் அக்டோபர்வரை எழுதி முடித்தார். 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டனில் அது அரங்கேறியது. அவர் நேரில் போய்க் கேட்டார். அந்த மாத இறுதியிலேயே பாஸ்டன் ஆர்கெஸ்ட்ரா அதைத் திரும்பவும் வாசித்தது. 1945 பிப்ரவரியில் பார்டோக் கடைசிப் பகுதியின் முடிவை மாற்றி, நீண்ட வேறொரு முடிவை எழுதினார். இன்று பெரும்பாலும் நாம் கேட்பது அந்த இரண்டாவது முடிவைத்தான். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். உடல் அவ்வளவு தளர்ந்திருந்த மனிதர், வெற்றி பெற்றுவிட்ட ஒரு படைப்பைக் கையில் எடுத்து, காதில் விழுந்ததை நினைவில் வைத்துத் திருத்தினார். நீங்களோ ஒரே ஒரு பக்கத்தைத் திருத்தாமல் ஒரு முழுப் படைப்பையும் மூடி வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே, புதிதாக எழுதுவதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதி போனால் போகட்டும். அமைப்புகள் அடுத்த ஆண்டும் அழைக்கும். முதலில் அந்த வியோலாப் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு நான்கு தனிப் பிரதிகளையும் எதிரே நிறுத்தி, பக்கம் முடியும் ஒவ்வொரு இடத்திலும் உங்கள் கைகளாலேயே புரட்டிப் பாருங்கள். இரண்டாம் பகுதியில் செல்லோ மிக உயரத்தில் வாசிக்கும்போது வியோலா அதை மூடிவிடுகிறது. அங்கே வியோலாவின் ஒலி அளவைக் குறைத்து எழுதுங்கள். அதன் பின் அந்த நால்வருக்கும் கடிதம் எழுதுங்கள். பக்கம் புரட்ட இடம் விடாததற்கு அந்த வியோலா கலைஞரிடம் வருத்தம் தெரிவியுங்கள்; தவறாமல் தெரிவியுங்கள், அவர் அன்று முதல் தன்னையே நொந்துகொண்டிருக்கக்கூடும். எங்காவது ஓர் அறையில், இருபது பேர் முன்னிலையில், அதை மறுபடி வாசித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அவர்களுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், உங்களைத் தேர்வு செய்த அமைப்பிடமே மறுமுறைக்கான உதவியைக் கேளுங்கள். அதற்கென்று படிவம் இருக்காது. படிவம் இல்லாத உதவியைக் கேட்கும் கடிதங்கள் நூறு வந்தால், நூற்றியோராவது ஆளுக்காக அவர்கள் ஒரு படிவம் அச்சிடுவார்கள்.

திருத்திய பிரதிகள் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். அவை வந்து சேர்ந்த பிறகு, நீங்கள் இப்போது எழுதிக்கொண்டிருப்பதைப் பற்றிப் பேசுவோம்.