சி1 இருந்தால் ஜெர்மன் எம்.ஏ. கிடைக்குமா?

பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்தேன். சென்னை கோதே இன்ஸ்டிடியூட்டில் ஜெர்மன் சி1 (ஆறு மொழி நிலைகளில் ஐந்தாவது) தேறிவிட்டேன். ஜெர்மனியில் கெர்மானிஸ்டிக் எம்.ஏ.வுக்கு இது போதுமா?

பெரும்பாலும் போதாது. நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடமே இதுதான். அங்கே கெர்மானிஸ்டிக் என்பது ஜெர்மன் கற்கும் படிப்பு அல்ல. இலக்கியம், மொழியியல், இடைக்கால இலக்கியம் எல்லாம் ஜெர்மன் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது. தமிழ் சரளமாகப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை நேரே சங்கப் பாட்டு வகுப்பில் உட்கார வைத்தால் எப்படி? அதனால்தான் இளங்கலையில் கெர்மானிஸ்டிக் பாடங்களில் மட்டும் இத்தனை கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி) வேண்டும் என்கிறார்கள். மொத்தம் 180 என்றால் அதில் 60 கேட்கும் இடங்கள் உண்டு. மொழி வகுப்புகள் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. உங்கள் பட்டத்துக்கு ஒப்பிலக்கியம் பொருத்தம். ஜெர்மன் கற்பிக்க ஆசையா? ஜெர்மனை அயல்மொழியாகக் கற்பிப்பதற்கே தனி எம்.ஏ. இருக்கிறது, லைப்சிக்கின் ஹெர்டர் இன்ஸ்டிடியூட் அதற்குப் பேர்போனது.

டெஸ்ட்டாஃப் எழுதவா, டி.எஸ்.எச். எழுதவா?

இரண்டுமே ஜெர்மன் பல்கலையில் சேர மொழித் திறனைக் காட்டும் தேர்வுகள். டெஸ்ட்டாஃபை இங்கேயே எழுதலாம். நான்கு பகுதியிலும் 4ஆம் நிலை வாங்கினால் பெரும்பாலான படிப்புகளுக்குச் சரி. டி.எஸ்.எச். என்றால் வழக்கமாக 2ஆம் நிலை. ஆனால் இது மொழித் துறையாயிற்றே! சில இடங்களில் இதற்கும் மேலே, சி2 வரைகூடக் கேட்பார்கள்.

நூற்றுக்கு 70 வாங்கியிருக்கிறேன். தேறுமா?

அங்கே மதிப்பெண்ணில் 1தான் உச்சம், 4 வந்தால் வெறும் பாஸ். நம் மார்க்கை அந்தக் கணக்குக்கு மாற்ற வேண்டும். உங்கள் பல்கலையில் பாஸ் மார்க் 40 என்று வைத்துக்கொள்வோம். 100இலிருந்து 70 போக 30. 100இலிருந்து 40 போக 60. 30ஐ 60ஆல் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டினால் 2.5. பல துறைகளின் சேர்க்கை வரம்பும் ஏறக்குறைய இங்கேதான் நிற்கிறது.

பணம், காகிதம்?

2022 நவம்பரிலிருந்து நமக்கு ஏ.பி.எஸ். சான்று (நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம், அதை முதலில் வாங்குங்கள். அரசுப் பல்கலைகளில் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ.

இடைக்கால ஜெர்மன் படித்தே ஆக வேண்டுமா?

நவீன இலக்கியத்தை மட்டும் எடுக்கும் எம்.ஏ.க்களில் தப்பிக்கலாம். ஆனால் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. 'ஹோக்சைட்' என்றால் இன்று கல்யாணம். அன்று அதன் பழைய வடிவத்துக்கு எந்தப் பெரிய திருவிழாவும் பொருந்தும். நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணம் என்று தெரிந்தவர்களுக்கு இது பழகிய விளையாட்டுதான்.