மூணு மாச பாப்பாவுக்கு டைம்டேபிள் வேணுமா?

கேள்வி: என் பையனுக்கு இப்ப மூணு மாசம். என் நாத்தனாரோட பொண்ணும் கிட்டத்தட்ட அதே வயசு தான். அவங்க ஒரு ஆன்லைன் கோர்ஸ் வாங்கி காலைல ப்ளாஷ் கார்டு, மதியம் மியூசிக், சாயங்காலம் கருப்பு வெள்ளை படம், நடுவுல டம்மி டைம் (குழந்தையை கொஞ்ச நேரம் குப்புற போடுறது)னு சார்ட் போட்டு சுவத்துல ஒட்டி வெச்சு பண்றாங்க. எனக்கு பால் குடுத்து, துணி மாத்தி, தூங்க வைக்கிறதுலயே நாள் முடிஞ்சுடுது. நானும் கார்டு வாங்கினேன், காட்டினா நாலு செகண்ட் பார்த்துட்டு முகத்தை திருப்பிக்கிறான். குப்புற போட்டா கத்துறான். டிவில பேபி வீடியோ போட்டா மட்டும் கண் கொட்டாம பார்க்கிறான். முதல் வருஷத்துல தான் மூளை வளரும், விட்டா போச்சுன்னு அந்த கோர்ஸ்ல சொல்றாங்களாம். மூணு மாசத்தை வீணாக்கிட்டேனா? தினமும் என்ன ஆக்டிவிட்டி, எத்தனை நிமிஷம்னு ஒரு லிஸ்ட் தாங்களேன்.

பதில்: லிஸ்ட் தர மாட்டேன்மா, கோச்சுக்காதீங்க. நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு, அந்த நாலு செகண்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

கார்டை பார்த்துட்டு முகத்தை திருப்பிக்கிறான்னு சொன்னீங்க இல்ல, அது அவனுக்கு பிடிக்கல, ஆர்வம் இல்ல, மூளை மந்தம்னு எல்லாம் அர்த்தம் இல்ல. இந்த வயசுல போதும்னு சொல்ல அவன்கிட்ட இருக்கிற வழி அது தான். பேச்சு வரல, எந்திரிச்சு போக முடியாது, அதனால கண்ணை எடுத்துக்கிறான். கொட்டாவி விடுறது, விக்கல் எடுக்கிறது, விரலை எல்லாம் விரிச்சு கையை நீட்டுறது, முதுகை வில்லா வளைக்கிறது, காரணமில்லாம சிணுங்குறது, இதெல்லாம் கூட பல நேரம் அதே சங்கதி தான் (எல்லா விக்கலும் இல்ல, பால் குடிச்சதும் வர்றது வேற). கொஞ்ச நேரம் சும்மா விட்டீங்கன்னா அவனே திரும்பி உங்களை பார்ப்பான், அப்ப மறுபடி ஆரம்பிக்கலாம். சார்ட்ல 10 நிமிஷம்னு போட்டிருக்கேன்னு கார்டை அவன் முகத்துக்கு நேரா திருப்பி திருப்பி கொண்டு போனா, நான் சொல்றதை இவங்க கேக்கமாட்டாங்கன்னு தான் அவன் கத்துப்பான். எந்த கோர்ஸ்லயும் இதை சொல்லித் தர்றதா எனக்கு தெரியல.

அடுத்து, பால் குடுக்கிறதுலயும் துணி மாத்துறதுலயுமே நாள் போகுதுன்னு வருத்தப்படுறீங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி மாத்துறீங்க, ஏழா எட்டா? அத்தனை தடவையும் அவன் மல்லாக்க படுத்து உங்க முகத்தை நேரா பார்த்துக்கிட்டு இருக்கான், நீங்க குனிஞ்சு இருக்கீங்க, நடுவுல ஒரு ஒன்றரை அடி தூரம், வேற எந்த இடைஞ்சலும் இல்ல. இதைவிட நல்ல ஆக்டிவிட்டி டைம் எங்கிருந்து வரும்? அந்த நேரத்துல செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான், பேசுங்க, பேசிட்டு நிறுத்துங்க. நிறுத்துறது தான் முக்கியம். நம்மள்ல நிறைய பேரு குழந்தைகிட்ட ரேடியோ மாதிரி பேசிக்கிட்டே போவோம், பதில் சொல்ல இடமே குடுக்கிறதில்ல. "இப்ப காலை தூக்கப் போறேன்டா"ன்னு சொல்லிட்டு வாயை மூடிட்டு அவனை பாருங்க, மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க, பத்து வரைக்கும் கூட எண்ணலாம் ஏன்னா இந்த வயசுல கேட்டதை வாங்கி பதில் சொல்றதுக்கு நேரம் எடுக்கும், அப்புறம் ஒரு உதை வரும், இல்ல "ங்கா"ன்னு ஒரு சத்தம் வரும், புருவம் ஏறும். அது தான் அவனோட பதில். நீங்க அந்த "ங்கா"வை அப்படியே திருப்பி சொல்லுங்க, அப்படியாடான்னு கேளுங்க, மறுபடி நிறுத்துங்க. நாலஞ்சு தடவை மாறி மாறி போச்சுன்னா ஒரு உரையாடல் முடிஞ்சுது.

என்ன பேசுறதுன்னு யோசிக்கவே வேணாம். செய்யறதை சொன்னா போதும். குரலை கொஞ்சம் உயர்த்தி, இழுத்து இழுத்து, ராகமா பேச நமக்கு தானா வரும், அதுக்கு வெக்கப்படாதீங்க, பெரியவங்க கிட்ட பேசுற பேச்சை விட குழந்தைங்க அதை தான் கூடுதலா கவனிக்கிறாங்க. உங்க குரல் அவனுக்கு புதுசும் இல்ல. 1980ல டீகாஸ்பர், பைஃபர்னு ரெண்டு பேரு பண்ணின ஆராய்ச்சியில, பிறந்து மூணு நாள் கூட ஆகாத குழந்தைங்க சூப்புற ரப்பரை ஒரு மாதிரி சூப்பினா அம்மா குரல் கேக்கும், வேற மாதிரி சூப்பினா வேற பொம்பளை குரல் கேக்கும்னு வெச்சாங்க, குழந்தைங்க அம்மா குரலுக்கு ஏத்த மாதிரி சூப்ப ஆரம்பிச்சிருக்கு. வயித்துல இருக்கும்போதே கேட்ட குரல் ஆச்சே. அதனால மூணு மாசம் வீணாப் போச்சான்னு கேட்டீங்களே, இல்ல, நீங்க சாதாரணமா பேசினதெல்லாம் அவன் கணக்குல ஏறியிருக்கு.

இன்னொன்னும் சொல்லிடறேன், ஏன்னா இதை படிச்சிட்டு இனி 24 மணி நேரமும் அவன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கணுமோன்னு நீங்க புதுசா பயப்படுவீங்க. எட்வர்ட் ட்ரானிக்னு ஒரு மனநல ஆராய்ச்சியாளர், 1970கள்ல, அம்மாவை கொஞ்ச நேரம் எந்த உணர்ச்சியும் இல்லாம குழந்தை முன்னாடி உக்கார சொன்னாரு, குழந்தை சிரிச்சு பார்க்குது, கையை நீட்டுது, கடைசியில அழுதுடுது. இதை எல்லாரும் போனை கீழ வைங்கன்னு திட்டுறதுக்காக ஷேர் பண்ணுவாங்க. ஆனா அவரே சொன்ன இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல, நல்லா ஒட்டுதலா இருக்கிற அம்மாவும் குழந்தையும் கூட சுமார் 30 சதவீத நேரம் தான் சரியா ஒத்துப் போறாங்க, மீதி நேரம் தப்பிப் போயி மறுபடி சேர்றாங்க. அந்த மறுபடி சேர்றதுலயும் குழந்தை கத்துக்குது. பால் குடுக்கும்போது நீங்க பத்து நிமிஷம் போன் பார்த்தா ஒண்ணும் ஆயிடாது, ஒவ்வொரு தடவையும் முழுசா போன்லயே போகாம இருந்தா சரி.

கருப்பு வெள்ளை கார்டு விஷயத்துக்கு வர்றேன். அது பொய் இல்ல. பிறந்த குழந்தைக்கு 20ல இருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துல இருக்கிறது தான் ஓரளவு தெளிவா தெரியும், அதுலயும் பளிச்சுனு வித்தியாசம் இருக்கிற கோடு, கட்டம், விளிம்பு இதெல்லாம் கண்ணுல படும். ஆனா முகத்துலயே அது எல்லாம் இருக்கே, கருப்பு முடி, புருவம், கண்ணுல வெள்ளையும் கருப்பும், கூட அசையவும் செய்யும் பதிலும் சொல்லும். அதுக்கு மேல, உங்க பையன் இப்ப அந்த கட்டத்தை தாண்டிட்டு இருக்கான், மூணு நாலு மாசத்துல நிறம் நல்லா தெரிய ஆரம்பிச்சிடும், தூரமும் கூடும். அதனால இப்ப ஜன்னல் பக்கம் தூக்கிட்டு போயி ஆடுற இலையை காட்டுங்க, ஒரு கலர் துணியை மெதுவா இடது பக்கத்துல இருந்து வலது பக்கம் நகர்த்தி கண்ணு கூட வருதான்னு பாருங்க. வாங்கின கார்டு வேஸ்ட் ஆகாது, குப்புற போடும்போது முன்னாடி நிக்க வெச்சுடுங்க.

அந்த குப்புற போடுறது தான், நீங்க சொன்னதுலயே நான் விடாதீங்கன்னு சொல்ற ஒரே ஐட்டம். தூங்கும்போது குழந்தையை மல்லாக்க தான் படுக்க வைக்கணும், அதுல பேச்சே இல்ல. ஆனா எப்பவும் மல்லாக்கவே கிடந்தா கழுத்து, தோள், முதுகுக்கு வேலை இல்ல, பின்னந்தலை தட்டையாகவும் வாய்ப்பு இருக்கு. அதனால முழிச்சிருக்கும்போது, நீங்க பக்கத்துல இருக்கும்போது, குப்புற. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, தவழ ஆரம்பிக்காத குழந்தைக்கு நாள் முழுக்க பிரிச்சு பிரிச்சு குறைஞ்சது 30 நிமிஷம். பிரிச்சு பிரிச்சுங்கிறதை மறந்துடாதீங்க, ஒரே மூச்சுல 30 நிமிஷம்னா எந்த குழந்தையும் கத்தும். ஒவ்வொரு தடவை துணி மாத்தினதும் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், முனகல் ஆரம்பிச்சதுமே தூக்கிடுங்க, கத்துற வரைக்கும் போக வேணாம். பால் குடிச்ச உடனே வேணாம், கக்கிடும். தரையில போட்டா கத்துறான்னா முதல்ல தரையே வேணாம், நீங்க சாஞ்சு படுத்துக்கிட்டு அவனை உங்க நெஞ்சு மேல குப்புற போட்டுக்கோங்க, உங்க முகத்தை பார்க்கணும்னு அவனே தலையை தூக்குவான், இதுவும் கணக்குல சேரும் (உங்களுக்கு தூக்கம் சொக்கிச்சுன்னா மட்டும் உடனே மாத்தி படுக்க வெச்சுடுங்க). அப்புறம் மடியில குறுக்க. அப்புறம் தரையில, ஒரு துண்டை சுருட்டி நெஞ்சுக்கு கீழ வெச்சு, கை ரெண்டும் துண்டுக்கு முன்னாடி வர்ற மாதிரி. அவன் முன்னாடி நீங்களும் தரையில குப்புற படுங்க. அப்பாவை படுக்க சொன்னா இன்னும் நல்லது, அவருக்கும் ஒரு வேலை ஆச்சு.

இப்ப வீடியோ. கண் கொட்டாம பார்க்கிறான்னா கத்துக்கிறான்னு தோணும், தப்பு இல்ல, யாருக்கும் தோணும். வேகமா மாறுற வெளிச்சமும் சத்தமும் அவன் கண்ணை பிடிச்சு வெச்சுக்குது, முகத்தை திருப்பிக்கிற அந்த வித்தை அங்க சுலபமா எடுபடாது, அவ்வளவு தான். பேட்ரிஷியா கூல்னு ஒரு மொழி ஆராய்ச்சியாளர் குழுவோட முடிவு 2003ல வந்துச்சு. ஒன்பது மாச அமெரிக்க குழந்தைங்களுக்கு சீன மொழி பேசுறவங்க நேர்ல 12 தடவை வந்து புத்தகம் படிச்சு, பொம்மை காட்டி விளையாடினாங்க, அந்த குழந்தைங்க சீன மொழியோட ஒலிகளை பிரிச்சு கேட்டுச்சு. அதே ஆளுங்க, அதே விஷயம், டிவியில காட்டின குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஏறல. ஒரு வயசுக்குள்ள ஸ்க்ரீனே வேணாம்னு தான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. தாத்தா பாட்டிகிட்ட வீடியோ கால்ல பேசுறதை இதுல சேர்க்காதீங்க, அங்க ஒரு ஆள் பதில் சொல்றாங்க. யாரும் பார்க்காம பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கிற டிவியையும் அணைச்சுடுங்க, அது ஓடினா நாமளே குழந்தைகிட்ட குறைச்சலா தான் பேசுவோம்.

மதியம் மியூசிக்னு எழுதினீங்க, மோசார்ட் போட்டா புத்தி வளரும்னு தான் இருக்கும். அந்த பேச்சு கிளம்பினது 1993ல வந்த ஒரு ஆராய்ச்சியில இருந்து, அது காலேஜ் பசங்களை வெச்சு பண்ணினது, பலன் 10, 15 நிமிஷம் தான் நின்னுச்சு, குழந்தைங்க அதுல இல்லவே இல்ல. பாட்டு நல்லது தான், ஆனா நீங்க பாடுங்க, சுருதி தப்பினாலும் அவனுக்கு கவலை இல்ல.

கைக்கு வேலை குடுக்கலாம், இப்ப சரியான நேரம். லேசான கிலுகிலுப்பையை அவன் உள்ளங்கையில வெச்சு விடுங்க, கொஞ்ச நாள்ல தன் கை அசைஞ்சா சத்தம் வருதுன்னு கண்டுபிடிப்பான். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச கதை கரோலின் ரோவீ காலியர்ங்கிற மனோதத்துவ ஆராய்ச்சியாளரோடது, அவங்க தன்னோட சின்ன குழந்தை அழாம இருக்க, தொட்டில் மேல தொங்குற பொம்மையில இருந்து ஒரு ரிப்பனை குழந்தை காலோட சேர்த்து கட்டினாங்க, குழந்தை உதைச்சா பொம்மை ஆடுது, சீக்கிரமே வேணும்னே உதைக்க ஆரம்பிச்சிடுச்சு. 1969ல இதை வெச்சு ஆராய்ச்சி கட்டுரையே வந்துச்சு, மூணு மாச குழந்தை இதை சில நாள் வரைக்கும் நினைவுல வெச்சிருக்குன்னு அப்புறம் காட்டினாங்க. நீங்க வீட்ல ரிப்பன் கட்டாதீங்க, கயிறு, ரிப்பன், நாடா எதுவும் குழந்தை பக்கத்துல தனியா இருக்கக்கூடாது. கால் உதைக்கிற இடத்துல சரசரன்னு சத்தம் போடுற பெரிய துணி பொம்மையை வெச்சா அதே பாடம் தான், விளையாட்டு முடிஞ்சதும் அதையும் எடுத்துடுங்க, தூங்குற இடத்துல பொம்மை வேணாம். வாயில வைக்கிறதை தடுக்காதீங்க, வாய் தான் இப்ப அவனோட ஆராய்ச்சி கூடம், ஆனா டாய்லெட் பேப்பர் ரோலோட அட்டைக்குழாய்க்குள்ள நுழையற அளவு சின்னதா எதுவும் குடுக்கக்கூடாது. வட்ட பேட்டரி போட்ட பொம்மைன்னா மூடி ஸ்க்ரூ போட்டிருக்கான்னு பாருங்க.

நாக்கை நீட்டிக் காட்டினா திருப்பி நீட்டுவான்னு சொல்வாங்க, பிறந்த குழந்தைங்க நிஜமாவே காப்பி அடிக்குதான்னு ஆராய்ச்சியாளருங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க நீட்டுங்க, சிரிப்பாவது வரும். துணியால முகத்தை மூடி திறக்கிற பீக்கபூ இப்பவே ஆரம்பிக்கலாம், ஆனா மறைஞ்ச பொருள் அங்க தான் இருக்குன்னு தேட ஆரம்பிக்கிறது சுமார் எட்டு மாசத்துல தான், அப்ப தான் அந்த விளையாட்டு களை கட்டும். வாக்கர் மட்டும் எப்பவுமே வாங்காதீங்க. சீக்கிரம் நடக்க வைக்கும்னு விக்கிறாங்க, அப்படி எல்லாம் இல்ல, விழுந்து அடிபடுறது அதிகம்னு கனடாவுல 2004லயே தடை பண்ணிட்டாங்க.

முதல் வருஷம் விட்டா போச்சுங்கிற பயம். ஆரம்ப வருஷங்கள்ல மூளையில ஒவ்வொரு செகண்டும் பத்து லட்சத்துக்கு மேல புது இணைப்பு உண்டாகுதுன்னு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தோட குழந்தை வளர்ச்சி மையம் சொல்லுது, அதை எடுத்து போட்டு தான் கார்டு விக்கிறாங்க. ஆனா அதே மையம் கார்டு வாங்குங்கன்னு சொல்லல, குழந்தை ஒரு சத்தம் குடுத்தா நீங்க ஒரு பதில் குடுங்க, அந்த போக்குவரத்து தான் வேணும்னு சொல்லுது. மூளையும் ஒரு வருஷத்துல கதவை சாத்திக்கிறதில்ல. உங்க நாத்தனார் கிட்ட இதை எல்லாம் படிச்சு காட்டி சண்டைக்கு போகாதீங்க, அவங்க அந்த சார்ட் சாக்குல குழந்தை கூட உக்கார்றாங்களே, அதுவே அந்த பொண்ணுக்கு லாபம். நீங்க கோர்ஸ் வாங்க வேணாம்.

நாத்தனார் பொண்ணோட ஒப்பிட்டு பார்க்கிறதுக்கு பதிலா இதை பாருங்க. முகம் பார்த்து சிரிக்கிறானா, பெரிய சத்தம் கேட்டா திடுக்கிடுறானா இல்ல அசைவை நிறுத்துறானா, அசையுற பொருள் பின்னாடி கண்ணு போகுதா, நாலு மாசம் முடியறதுக்குள்ள தலை நிக்குதா. இதுல ஏதாவது இல்லன்னாலோ, உடம்பு ரொம்ப விறைப்பாவோ தொளதொளன்னோ இருந்தாலோ, ஒரு பக்க கையை மட்டுமே அசைச்சாலோ, நேத்து வரைக்கும் பண்ணினதை இன்னிக்கு விட்டுட்டாலோ, அடுத்த தடுப்பூசி வரைக்கும் காத்திருக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க. பிறந்ததும் காது டெஸ்ட் பண்ணினாங்களான்னு பழைய பேப்பரை எடுத்து பாருங்க, பண்ணலன்னா கேட்டு பண்ணிடுங்க. குறைப்பிரசவம்னா பிறந்த தேதியில இருந்து எண்ணாதீங்க, டாக்டர் குடுத்த டியூ டேட்ல இருந்து எண்ணணும், அப்படி எண்ணினா உங்க மூணு மாச பையன் ரெண்டு மாச பையனா கூட இருக்கலாம்.