பருந்தைக் கையில் தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: ஓசூரில் வசிக்கிறோம். மகள் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் கழுகு, பருந்துகளைக் காப்பாற்றும் மையம் ஒன்றில் தன்னார்வலராக இருக்க ஆசைப்படுகிறாள். இன்ஸ்டாகிராமில் ஒருவர் பத்து நாள் பயிற்சிக்கு 38,000 ரூபாய் கேட்கிறார். பருந்தைக் கையில் ஏந்திப் படம் எடுக்கலாம், சான்றிதழ் உண்டு, முடிவில் ஒரு பறவையைத் தத்தெடுத்து வீட்டுக்கே கொண்டுவரலாம் என்கிறார். அனுப்பலாமா? கொத்திவிடுமோ என்றும் பயம்.

பதில்: பணம் கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். ஆனால் மகளின் ஆசையைத் தடுக்க வேண்டாம்.

அடிபட்ட பறவையைத் தேற்றி, மனிதரைக் கண்டால் விலகிப் பறக்கும் பறவையாகவே திருப்பி விடுவதுதான் இத்தகைய மையத்தின் வேலை. கைமாற்றிக் கைமாற்றிப் படம் எடுத்தால் அது மிரண்டு இரை எடுக்காது. திமிறி இறகுகளை முறித்துக்கொள்ளும். பறப்பதற்கு வேண்டிய இறகுகள் முறிந்தால், அவை உதிர்ந்து புதிது முளைக்கும்வரை மாதக்கணக்கில் கூண்டுதான். குஞ்சு என்றால் இன்னும் மோசம். மனித முகத்தையே பார்த்து வளரும் குஞ்சு நம்மையே தன் இனமாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் அதை வெளியே விடவே முடியாமல் போகலாம். இதைத் தெரிந்தவர் யாரும் பறவையைப் புகைப்படத்துக்கு நீட்ட மாட்டார்.

உங்கள் மகள் உண்மையில் செய்யப்போவது கோழிக்கறி வெட்டுவது, கூண்டில் விரித்த செய்தித்தாளை மாற்றுவது, எந்தப் பறவை எத்தனை கிராம் தின்றது, எடை ஏறியதா என்று எழுதிவைப்பது, தொலைபேசி எடுப்பது. கறி வெட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. எலும்பில்லாத சதையை மட்டுமே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் குஞ்சின் எலும்பு வளைந்துவிடும். ஆந்தை கக்கிப் போடும் முடியும் எலும்புமான உருண்டையைப் பார்த்தே அதற்குச் செரிக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். விலங்கியல் படிக்கிற பெண்ணுக்கு வேண்டியது இதுதான்.

கொத்துவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பருந்தின் ஆயுதம் அலகு அல்ல, கால். அந்தப் பிடி தோலுக்குள் இறங்கிவிடும். அதனால் பறவையைப் பிடிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. புதிதாக வருபவரிடம் கொடுக்க மாட்டார்கள். டி.டி. ஊசி போட்டுக்கொள்ளட்டும், கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். பறவைக் காய்ச்சல் பரவும் காலமென்றால் போகவே வேண்டாம்.

அடுத்தது தத்து. வண்டலூர் போன்ற உயிரியல் பூங்காக்களில் தத்தெடுப்பவர் தீவனச் செலவை ஏற்கிறார். விலங்கு அங்கேயேதான் இருக்கும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டுப் பருந்தையோ ஆந்தையையோ வீட்டில் வளர்ப்பது குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். தரகர் பணத்தோடு போய்விடுவார், வழக்கு உங்கள் பெயரில் வரும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ராத்திரி அடிபட்ட பருந்து கிடைத்து, மையம் காலையில்தான் திறக்கும் என்றால் அந்த ஒரு ராத்திரி. அதுவும் வனத்துறைக்கோ மையத்துக்கோ உடனே போன் செய்து, வைத்திருங்கள் என்று அவர்கள் சொன்ன பிறகு. யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று குறித்துவையுங்கள். கனமான துணியைப் போர்த்தித் தூக்கி, அட்டைப்பெட்டியில் பக்கவாட்டில் நாலு துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, மூடி இருட்டாக வையுங்கள். கம்பிக்கூண்டு வேண்டாம், இறகு நைந்துவிடும். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பால், சோறு, பிஸ்கட் எதுவும் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டத் திறக்கவும் கூடாது. விடிந்ததும் கொண்டுபோங்கள். இரண்டாவது ராத்திரி என்ற பேச்சே வேண்டாம்.

அந்தப் போனை யார் எடுப்பார்கள் என்பதில்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. கால்நடை மருத்துவமனையில் வனத்துறையிடம் போகச் சொல்வார்கள், வனச்சரக அலுவலகத்தில் டாக்டர் இல்லை என்பார்கள், பறவை பெட்டியிலேயே செத்துப்போகும். நைலான் மாஞ்சாவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுக்கத் தடை விதித்தது. இன்றும் பட்டம் விடும் காலம் வந்தால் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது, தசைநார் அறுந்த சிறகோடு பருந்துகளும் வந்துகொண்டே இருக்கின்றன. கறி வெட்ட ஆள் இல்லாமல் மையங்கள் திண்டாடும்போது, உதவ வரும் பிள்ளைகளைத் தரகர்கள் வழியிலேயே மடக்கிவிடுகிறார்கள்.

உங்களுக்குப் பெங்களூரு பக்கம். கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் வன உயிரின மருத்துவமனை இருக்கிறது. தன்னார்வலர் தேவையா என்று அங்கேயே நேரடியாகக் கேளுங்கள். பொங்கல் விடுமுறையில் வெளியூர் போகலாம் என்றால் குஜராத். உத்தராயணப் பட்டத் திருவிழாவை ஒட்டி, ‘கருணா அபியான்’ என்ற பெயரில் அரசே தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு பறவைகளை மீட்கிறது. அகமதாபாத்தின் ஜீவ்தயா அறக்கட்டளைக்கு அந்த நாட்களில்தான் வேலை குவியும்.

எங்கே கேட்டாலும் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: வனத்துறை அனுமதி யார் பெயரில் இருக்கிறது, கால்நடை மருத்துவர் தினமும் வருகிறாரா, தேறிய பறவைகளை எங்கே விடுகிறார்கள். பதில் சொல்லத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள். ஜனவரியில் போவதென்றால் நவம்பரிலேயே மகள் தன் பெயரில் எழுதிக் கேட்கட்டும்.