35 டாலர் கட்டும் முன் ஒரு நிமிடம்: நூலகக் கேள்வி-பதில்

செமஸ்டர் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளும் கூடிவிடும். அறிவியல், பொறியியல் நூலகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் காலாப்பட்டு தொடங்கி சிதம்பரம் வரை பிள்ளைகள் எழுதுகிறார்கள். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே.

மேடம், நான் வேதியியலில் பிஎச்.டி. செய்கிறேன். வீட்டில் உட்கார்ந்து ஒரு கட்டுரையைத் திறந்தால் 35 டாலர் கேட்கிறது. கட்டித்தான் படிக்க வேண்டுமா?
ஆய்வு மாணவி, வில்லியனூர்

கட்டாதீர்கள் அம்மா. அதற்கு ஏற்கெனவே பணம் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். 2025 ஜனவரியில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ தொடங்கியது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களுக்காக மத்திய அரசு 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் இதற்குள் வருகின்றன. அது நம் எல்லோருடைய வரிப்பணம். அதைப் பயன்படுத்தாமல் ஒரு மாணவி தன் உதவித்தொகையிலிருந்து மறுபடி பணம் கட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

வளாகத்தில் திறக்கும் கட்டுரை வீட்டில் பூட்டிக்கொள்வதற்குக் காரணம் எளிது. பதிப்பகத்தின் கணினி, நீங்கள் எந்த நெட்வொர்க்கிலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறது. வீட்டு வைஃபையில் நீங்கள் யாரோ ஒருவர். வெளியிலிருந்து நுழைய லாகின் வேண்டுமென்று உங்கள் நூலகத்தில் கேளுங்கள். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அரசு மையமான இன்ஃப்லிப்நெட் நடத்தும் ‘இன்ஃபெட்’ என்ற வசதி இதற்காகவே இருக்கிறது.

அப்படியும் கிடைக்கவில்லையா? முழுத் தலைப்பையும் கூகுள் ஸ்காலரில் போட்டு, அதன் மற்ற பதிப்புகளைப் பாருங்கள். எழுதியவரே தம் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு பிரதி வைத்திருப்பார். இல்லாவிட்டால் அவருக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள். அந்த 35 டாலரில் ஒரு காசுகூட அவருக்குப் போவதில்லை. படிக்க ஒருவர் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்கூட ஷெட் வடிவமைப்பதுதான் எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, நூலக ரேக்கில் 1987 பதிப்புதான் இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போடலாமா?
சிவில் மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

கூடாது தம்பி. உங்கள் ஊருக்கு மட்டும் கூடவே கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை ஏறிய ஊர் அது.

1987 பதிப்பில் அடிப்படைக் காற்று வேகத்தோடு கே1, கே2, கே3 என்று மூன்று காரணிகளைப் பெருக்குவீர்கள். 2015 பதிப்பில் கே4 என்று நான்காவது ஒன்று சேர்ந்தது. அது புயல் பகுதிகளுக்கானது. தொழிற்கூடங்களுக்கு அதன் மதிப்பு 1.15. புயலுக்குப் பின்னும் நின்றாக வேண்டிய மருத்துவமனை, பாதுகாப்பு மையம் போன்றவற்றுக்கு 1.30. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் காற்றழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 1.15ஐ 1.15ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.32 வரும். அதாவது இந்த ஒரு காரணியாலேயே உங்கள் ஷெட்டின் மேல் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பழைய புத்தகத்தை நம்பினால் கூரைத் தகட்டின் போல்ட்டிலிருந்து தூணின் அடித்தளம் வரை கணக்கு குறைவாக வந்துவிடலாம்.

புதிய பதிப்புக்கும் காசு வேண்டாம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டு நீங்களே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கும்போது திருத்தத் தாள்கள் வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: அந்த 1987 பிரதியைப் பற்றி உங்கள் நூலகரிடம் சொல்லுங்கள். ‘பழைய பதிப்பு’ என்று ஒரு சீட்டு ஒட்டிவைத்தால் அடுத்து வரும் பிள்ளை தப்பிக்கும்.

கான்கிரீட் புத்தகங்கள் ஏன் ஒரே இடத்தில் இல்லை? பாதி 620இல், பாதி 624இல்!
பாலிடெக்னிக் மாணவி, பாகூர்

கேள்வி நியாயமானது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் கான்கிரீட்டை ஒரு பொருளாகப் பார்க்கும் புத்தகம், அதாவது கலவை, வலிமை, சோதனை பற்றியது, 620.136க்குப் போகும். அதையே கட்டமைப்பாகப் பார்த்தால், பீம், ஸ்லாப் வடிவமைப்பு என்றால், 624.1834. உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு ரேக்குக்குப் போனால் அரை மணி நேரம் மிச்சம். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது. அதைச் சொன்ன எஸ். ஆர். ரங்கநாதன் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர்.

திருட்டு எழுத்துச் சோதனையில், என் ஆய்வேட்டுக்கு மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 17 சதவீதம் காட்டுகிறது. மென்பொருளில் கொடுத்து வாக்கியங்களை மாற்றிவிடலாம் என்கிறார் நண்பர்.
ஆய்வு மாணவர், சிதம்பரம்

வேண்டாம். அடுத்தவர் கருத்தை வேறு சொல்லில் ஒளித்துவைப்பதும் திருட்டுதான். முதலில் அறிக்கையைத் திறந்து எந்த வரி, எங்கிருந்து என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். மேற்கோள் காட்டிய பகுதி, துணைநூல் பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, வழக்கமான சமன்பாடுகள் எல்லாம் கணக்கில் சேராது. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரையும் அப்படித்தான். இவற்றை விலக்காமலே சோதித்திருந்தால், விலக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மிச்சத்தை கைடோடு உட்கார்ந்து உங்கள் மொழியில் எழுதி, எடுத்த இடத்தைக் குறிப்பிடுங்கள்.

மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து நூலகப் புத்தகம் நனைந்துவிட்டது. வெயிலில் காயவைத்திருக்கிறேன். சரிதானே?
மாணவி, ரெயின்போ நகர்

உடனே எடுத்துவிடுங்கள். வெயிலில் அட்டை வளைந்து, பசை விட்டுப்போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி ஒரு புத்தகத்தை மொட்டை மாடியில் வைத்துக் கெடுத்தேன். அந்த அட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது.

சாதாரணத் தாள் என்றால் புத்தகத்தை லேசாக விரித்து நிற்கவையுங்கள். இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளை டிஷ்யூ தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். ஈரமான தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். அயர்ன் பாக்ஸ் பக்கமே போகக் கூடாது. பளபளப்புத் தாள் என்றால் மூடிய நிலையில் காய்ந்ததும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். அதைப் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு நூலகத்துக்கு போன் போடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். ஃபைனுக்குப் பயந்து ஒளித்துவைத்தால் பக்கத்துப் புத்தகங்களுக்கும் அது பரவும்.

நான் தனியார் கல்லூரியில் படிக்கிறேன். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ எல்லாம் எங்களுக்குக் கிடையாதா?
மாணவர், நெய்வேலி

முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். ஆனால் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ‘சோத்கங்கா’வில் உள்ளவற்றைப் படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உங்கள் தலைப்பில் ஒன்றை எடுத்து இரண்டாவது அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அங்கேதான் அதுவரை நடந்த ஆய்வுகள் தொகுத்திருக்கும். தேசிய மின்னூலகமும் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழக நூலகத்துக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டுமென்றால், உங்கள் கல்லூரி முதல்வரின் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு, முந்தைய நாளே போன் செய்துவிட்டுப் போங்கள்.