பழசானால் அழகாகிவிடுமா?

கேள்வி: கட்டும்போது ஊரே திட்டிய கட்டடத்தை ஐம்பது அறுபது வருடம் கழித்துப் பாரம்பரியச் சின்னம் என்கிறார்கள். கட்டடம் அதேதானே, மாறியது நம் ரசனை மட்டும்தானா?

பதில்: அதேதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைப் பாருங்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்தபோது அதன் சிற்பங்களில் நீலமும் சிவப்புமாக வண்ணம் இருந்தது. அப்புறம் அது தேவாலயமானது, மசூதியானது, கடைசியில் வெடிமருந்துக் கிடங்கும் ஆகி, 1687-ல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதியே சிதறிப்போனது. சாயம் போன மிச்சத்தைப் பார்த்தவர்கள் வெள்ளைப் பளிங்குதான் கிரேக்க அழகு என்று முடிவுகட்டி, அந்த அச்சிலேயே வங்கியும் நீதிமன்றமும் கட்டித் தள்ளினார்கள். நாம் ரசிப்பதில் பாதி, காலம் செய்த வேலை.

பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் இன்னும் வேடிக்கை. 2019 தீயில் சரிந்த கூர்கோபுரத்தை இடைக்காலத்துச் சொத்து என்றே பலரும் நினைத்தார்கள். அது 19-ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-துக் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்துச் சேர்த்தது! பழைய கோபுரத்தை அதற்கு முன்பே இறக்கிவிட்டார்கள். இப்போது எழுப்பியிருப்பதும் வியோலே-லெ-துக் போட்ட அதே வடிவம்தான்.

அதே ஊரின் ஈஃபில் கோபுரத்தை 1887-ல் கலைஞர்கள் கூட்டாகக் கண்டித்தார்கள், அனுமதியும் 20 வருடத்துக்குத்தான். அது தப்பியது அழகால் அல்ல, வானொலித் தந்திக்கு உயரமான கம்பம் தேவைப்பட்டதால். நின்றது, கண்ணுக்குப் பழகியது.

இன்னொன்று, 'அந்தக் காலத்தில் எல்லாமே அழகாகக் கட்டினார்கள்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மோசமானதையெல்லாம் அந்தக் காலத்துக்காரர்களே இடித்துவிட்டார்கள், நம் கண்ணில் படுவது மிஞ்சியது மட்டும்.

கேள்வி: அப்படியானால் 1960-களின் கான்கிரீட் பூதங்களையும் காப்பாற்ற வேண்டுமா?

பதில்: எல்லாவற்றையும் அல்ல. ஆனால் ஒரு கட்டடத்துக்கு ஐம்பது வயது பொல்லாத வயது. புதுசும் இல்லை, பழம்பெருமையும் சேரவில்லை. நியூயார்க்கின் பென்சில்வேனியா ஸ்டேஷன் 1910-ல் திறந்தது, 1963-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். பிறகுதான் ஊருக்கு உறைத்தது, 1965-ல் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் வந்தது, ஸ்டேஷன் போனது போனதுதான். பாஸ்டன் நகர மன்றக் கட்டடத்துக்கு அதிர்ஷ்டம்: 1968-ல் திறந்ததிலிருந்து முகம் சுளிக்க வைத்த அந்தக் கான்கிரீட் மலையை 2025-ல் நகர நிர்வாகமே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டது. கூரை ஒழுகுகிறது, கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்கிறது, சரிசெய்யக் கட்டுப்படியாகாது என்றால் இடிப்பதைப் பற்றிப் பேசலாம். 'அசிங்கமாக இருக்கிறது' என்பது மட்டும்தான் காரணம் என்றால், இன்னும் இருபது வருடம் விட்டுவைக்கச் சொல்வேன்.